பாதரசம்–அட்ரீனல் வீட்டுப் பரிசோதனைப் பெட்டி: எச்சில் குழாயை நம்பலாம், ரிப்போர்ட்டை நம்ப முடியாது

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன்: 5 நட்சத்திரத்தில் 2. அந்த இரண்டும் பெட்டிக்குள் இருக்கும் எச்சில் குழாய்களுக்கு. மற்றவற்றுக்கு, குறிப்பாக அந்த மாத்திரைக்கும் கடைசியில் வரும் ரிப்போர்ட்டுக்கும், ஒன்று கூடக் கொடுக்க மனம் வரவில்லை. நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. உடம்பில் பாதரசம் எவ்வளவு, அதனால் அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோன் எப்படிக் கெட்டிருக்கிறது என்று ஒரே பெட்டியில் கண்டுபிடித்துத் தருவதாக யார் சொன்னாலும், வாங்குவதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

நான் பல் மருத்துவமனையில் உதவியாளராக வேலை பார்ப்பவள். பல் சொத்தையை அடைக்கும் பாதரசக் கலவையான அமால்கம் (சில்வர் ஃபில்லிங் என்பது இதுதான்) இப்போது மூடிய கேப்ஸ்யூலில் வருகிறது, இயந்திரத்தில் செருகினால் சில நொடியில் குலுக்கிக் கொடுத்துவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் உலோகத் தூளையும் பாதரசத்தையும் கல்வத்தில் போட்டு அரைத்து, மெல்லிய துணியில் வைத்து முறுக்கி, மிஞ்சிய பாதரசத்தை விரலால் பிழிந்து எடுப்போம். மோதிரத்தையும் வளையலையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும் என்பது முதல் நாளே சொல்லித் தரும் பாடம். பாதரசம் பட்டால் தங்கம் வெளுத்துப் போகும். அந்தக் காலத்தில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த அக்கா இன்றும் என்னோடுதான் இருக்கிறார். இருவருமே சோர்வாக இருந்தோம். என்னைவிட அக்காவுக்கு ரொம்ப அதிகம். படுக்கையிலிருந்து எழுந்தால் தலை சுற்றும், எடை குறைந்துகொண்டே வந்தது. "பாதரசத்தோடு பழகியவரா? உங்கள் அட்ரீனல் களைத்துப் போயிருக்கலாம்" என்ற விளம்பரம் எங்களைப் போன்றவர்களை நேராகப் பார்த்துப் பேசியது. இருவரும் ஆளுக்கு ஒன்று வரவழைத்தோம்.

பெட்டி சுத்தமாக, நேர்த்தியாக இருக்கிறது. எச்சிலுக்கு நான்கு குழாய், சிறுநீருக்கு ஒரு டப்பா, தலைமுடிக்கு ஒரு காகித உறை, அலுமினியத் தாளில் அடைத்த ஒரு மாத்திரை, ஒரு கேள்விப் படிவம், ஒரு சிறு புத்தகம்.

நல்லதை முதலில் சொல்வதுதான் நியாயம். ஒவ்வொரு எச்சில் குழாய்க்குள்ளும் ஒரு பஞ்சு உருளை இருக்கிறது. பல் சிகிச்சையின்போது கன்னத்துக்குள் வைப்போமே, கிட்டத்தட்ட அதே அளவு. கையால் தொடாமல் குழாயிலிருந்து நேராக வாயில் சரித்து, மெதுவாகச் சவைத்து, நன்றாக ஊறிய பிறகு அப்படியே குழாயில் துப்பி மூட வேண்டும். காலை, நண்பகல், மாலை, படுக்கும் முன் என்று மூடியிலேயே நேரம் அச்சிட்டிருக்கிறது, மாறிப்போக வழியில்லை. எடுப்பதற்கு முன் அரை மணி நேரம் பல் துலக்கக் கூடாது, சாப்பிடக் கூடாது என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். இது முக்கியம். ஈறிலிருந்து துளி ரத்தம் கலந்தாலும் கணக்கு தப்பிவிடும், ஏனென்றால் இங்கே அளக்கப்படும் கார்டிசால் என்ற அட்ரீனல் ஹார்மோன் எச்சிலில் இருப்பதைவிட ரத்தத்தில் பல மடங்கு அதிகம். ஈறு வீக்கம் உள்ளவர்கள் முதலில் அதைச் சரிசெய்துகொண்டு இந்தப் பரிசோதனைக்கு வருவது நல்லது. இதைப் புத்தகம் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

எச்சிலில் கார்டிசால் பார்ப்பது போலி வித்தை அல்ல. ரத்தத்தில் ஓடும் கார்டிசாலில் பெரும்பகுதி புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்டாமல் தனியாக இருக்கும் சிறு பங்குதான் வேலை செய்யும், எச்சிலுக்கு வருவதும் அதுதான். கார்டிசால் அளவு மீறிச் சுரக்கும் குஷிங் நோயைக் கண்டுபிடிக்க நள்ளிரவு எச்சிலைத்தான் ஹார்மோன் மருத்துவர்களே கேட்கிறார்கள். கண் விழித்த அரை மணி முதல் முக்கால் மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், பகல் முழுக்க இறங்கி, நள்ளிரவில் தரை தட்டுவது ஆரோக்கியமான உடம்பின் வழக்கம். நான்கு குழாய்களும் அந்த ஏற்ற இறக்கத்தை ஓரளவு வரைந்து காட்டும்.

ஆனால் படிவத்தில் "எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்" என்ற கேள்விதான் இருக்கிறது. "எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்" என்பது இல்லை. ஐந்து மணிக்கு எழுந்தவரும் எட்டு மணிக்கு எழுந்தவரும் எட்டரைக்கு எச்சில் கொடுத்தால், இரண்டையும் ஒரே அளவுகோலில் வைப்பது எப்படிச் சரியாகும்? இரவு வேலை பார்ப்பவரா என்றும் கேட்கவில்லை. இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. கார்டிசாலைப் போலவே வேலை செய்யும் ஸ்டீராய்டு மருந்து கலந்த எதையாவது பயன்படுத்துகிறீர்களா என்ற கேள்வி படிவத்தில் எங்குமே இல்லை. ஆஸ்துமா இன்ஹேலர், மூக்கு ஸ்பிரே, மூட்டில் போட்ட ஊசி, தோல் களிம்பு எல்லாமே கார்டிசாலை மாற்றக்கூடியவை. "அசைவமா, சைவமா", "பல்லில் எத்தனை சில்வர் ஃபில்லிங்" என்றெல்லாம் விரிவாகக் கேட்டவர்கள் இதை விட்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஏன் என்பது பின்னால் வருகிறது.

இனி பாதரசத்தின் பக்கம். எந்த வகைப் பாதரசத்தை எங்கே தேடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மீன் வழியாக வருவது மெத்தில் பாதரசம். குடலில் ஏறக்குறைய முழுவதும் உறிஞ்சப்பட்டு, ரத்தத்திலும் முடியிலும் தங்கும். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், மூன்று சென்டிமீட்டர் முடி மூன்று மாதக் கதையைச் சொல்லும். அமால்கத்திலிருந்து வரும் ஆவி வேறு வகை. மூச்சில் போனால் 80 சதவீதம் வரை உடம்பில் தங்கிவிடும், கடைசியில் சிறுநீரகத்தில் சேர்ந்து சிறுநீரில் வெளியேறும். அதை முடியில் தேடிப் பயனில்லை. ஆக, முடியும் சிறுநீரும் சேர்த்து எடுப்பது நல்ல யோசனைதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கத் தெரிந்தவருக்கு, பாதரசம் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தது என்று தெரிந்துவிடும்.

இதைக் கெடுப்பது அந்த மாத்திரை. டி.எம்.எஸ்.ஏ. என்ற மருந்து அது. உலோகத்தைப் பிடித்துச் சிறுநீரில் இழுத்து வரும். உண்மையான நஞ்சேற்றத்துக்கு மருத்துவர் பக்கத்திலிருந்து கொடுக்க வேண்டியது. இவர்கள் அதை விழுங்கச் சொல்லி, அதற்குப் பிறகு வரும் சிறுநீரைப் பிடித்து அனுப்பச் சொல்கிறார்கள். விழுங்கினால் யாருக்கும் பாதரசம் கூடுதலாகத்தான் வெளியே வரும், பூமியில் பாதரசம் கொஞ்சமும் இல்லாத உடம்பு கிடையாது. அப்படி வந்த எண்ணை, மருந்து எடுக்காதவர்களுக்காக வகுத்த அளவோடு ஒப்பிட்டால் சிவப்புக் கோடுதான் வரும். இந்த முறை அறிவியல்படி நிரூபிக்கப்படவில்லை என்று அமெரிக்க மருத்துவ நஞ்சியல் கல்லூரி வெளிப்படையாகவே அறிக்கை விட்டிருக்கிறது. நான் மாத்திரையைத் தொடவில்லை. "மாத்திரை எடுக்கவில்லை" என்று படிவத்தின் ஓரத்தில் எழுதி அனுப்பினேன். அக்கா எனக்கு முன்பே பெட்டியைப் பிரித்து, புத்தகத்தில் சொன்னபடியே எல்லாம் செய்து அனுப்பிவிட்டிருந்தார்.

சிறு புத்தகத்தைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் அதில் எல்லாமே பொய் இல்லை. பாதரசத்துக்கும் அட்ரீனலுக்கும் நிஜமாகவே தொடர்பு உண்டு. ஆனால் புத்தகம் உறுதியான இடத்தை இரண்டே வரியில் தாண்டிவிட்டு, உறுதியில்லாத இடத்தில் பத்துப் பக்கம் குடியிருக்கிறது.

அட்ரீனல் சுரப்பி சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. உள்பகுதி அட்ரினலினும் நார்அட்ரினலினும் செய்கிறது, வெளிப்பகுதி கார்டிசாலும் ஆல்டோஸ்டிரோனும் செய்கிறது. மனிதர்களிடம் தெளிவாகப் பார்த்த பாதிப்பு உள்பகுதி ஹார்மோன்களில்தான். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் பல் முளைக்கும் குழந்தைகளுக்குக் கலோமெல் கலந்த பொடி கொடுத்தார்கள். கலோமெல் என்பது பாதரசக் குளோரைடு. அந்தக் குழந்தைகளில் சிலருக்குக் கையும் காலும் இளஞ்சிவப்பாகி, தோல் உரிந்து, வியர்த்துக் கொட்டி, நாடி ஓடி, ரத்த அழுத்தம் ஏறியது. ஒரு நிமிடம் அமைதியாகப் படுக்காமல் சிணுங்கிக்கொண்டே இருப்பார்கள். 1940களின் கடைசியில் அவர்கள் சிறுநீரில் பாதரசம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். 1950களில் அந்தப் பொடிகள் சந்தையை விட்டுப் போனதும் நோயும் ஏறக்குறைய மறைந்தது. அட்ரினலினைச் சிதைத்து அப்புறப்படுத்தும் நொதி ஒன்று உண்டு. பாதரசம் அந்த வேலையைத் தடுப்பதால் அட்ரினலின் வகை ஹார்மோன்கள் தேங்குகின்றன என்பதுதான் விளக்கம். இன்றைக்கும் பாதரச நஞ்சேறிய குழந்தையைப் பார்த்து, அட்ரீனலில் கட்டியோ என்று மருத்துவர்கள் சந்தேகப்பட்ட சம்பவங்கள் உண்டு. இரண்டிலும் அழுத்தம் ஏறும், இரண்டிலும் சிறுநீரில் அந்த ஹார்மோன்கள் கூடும். எனக்கு இதுதான் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய செய்தி.

கார்டிசால் பக்கம் அப்படி இல்லை. மூளையில் ஹைபோதலாமஸ் என்ற பகுதி சொல்ல, அதன் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனை அனுப்ப, அதைக் கேட்டுத்தான் அட்ரீனல் கார்டிசால் செய்கிறது. ஸ்லோவேனியாவில் இட்ரியா என்ற ஊரில் பெரிய பாதரசச் சுரங்கம் இருந்தது. அங்கே வேலை பார்த்து இறந்தவர்களின் உறுப்புகளை ஆராய்ந்து 1975இல் வெளியிட்டார்கள். தைராய்டிலும் பிட்யூட்டரியிலும் பாதரசம் குவிந்திருந்தது, கூடவே செலினியமும் அதே விகிதத்தில். பல் மருத்துவர்களின் பிட்யூட்டரியிலும் மற்றவர்களைவிட அதிகப் பாதரசம் இருந்ததாகப் பின்னால் ஸ்வீடனிலிருந்து செய்தி வந்தது. என் தொழிலில் இருப்பவர்களுக்கு இதைப் படிக்கும்போது வயிற்றைப் பிசையத்தான் செய்யும். ஆனால் ஓரிடத்தில் பாதரசம் சேர்ந்திருக்கிறது என்பதும் அந்த இடம் வேலை செய்யவில்லை என்பதும் வேறு வேறு. எலிகளுக்கு மெத்தில் பாதரசம் கொடுத்தபோது, நெருக்கடியில் கூட வேண்டிய ஸ்டீராய்டு ஹார்மோன் கூடாமல் போனது, அட்ரீனல் தடித்தது. ஸ்டீராய்டு தயாரிக்கும் நொதிகளும் எலியின் அட்ரீனலில் மாறின. கந்தகம் உள்ள புரதங்களைப் பாதரசம் விடாப்பிடியாகப் பற்றிக்கொள்ளும் என்பதால் இதில் ஆச்சரியமில்லை. ஆனால் எலிகளுக்குக் கொடுத்தவை பெரிய அளவுகள். மனிதர்களில் குறைந்த அளவுப் பாதரசத்தையும் கார்டிசாலையும் ஒப்பிட்ட ஆய்வுகள் சிறியவை, முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. புத்தகமோ எலியிலிருந்து நேராக உங்கள் மதியச் சோர்வுக்குத் தாவிவிடுகிறது.

ரிப்போர்ட் வந்தது. பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகள். எனக்கு நான்கு எச்சிலும் அளவுக்குள், சிறுநீர்ப் பாதரசம் குறைவு, முடியிலும் குறைவு. நிம்மதி. ஆனால் நண்பகல் எண் கீழ் எல்லைக்குப் பக்கத்தில் இருந்ததால் "அட்ரீனல் களைப்பு, முதல் நிலை" என்று போட்டிருந்தார்கள். அக்காவுக்கு நான்கு எச்சிலும் கீழே, சிறுநீர்ப் பாதரசம் உச்சிவரை சிவப்பு, முடியில் மட்டும் பச்சை. "அட்ரீனல் களைப்பு, மூன்றாம் நிலை. காரணம்: பாதரசச் சுமை. பரிந்துரை: சில்வர் ஃபில்லிங் அனைத்தையும் அகற்றுதல், அட்ரீனல் ஊட்டக் கேப்ஸ்யூல், மாதந்தோறும் டி.எம்.எஸ்.ஏ."

"அட்ரீனல் களைப்பு" என்று ஒரு நோயை ஹார்மோன் மருத்துவச் சங்கங்கள் ஏற்கவில்லை. 2016இல் 58 ஆய்வுகளைச் சேர்த்து அலசிப் பார்த்துவிட்டு, அப்படி ஒன்று இருப்பதற்குச் சான்றில்லை என்று எழுதினார்கள். களைப்பு நிஜம்தான், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெயரை ஒட்டிவிட்டால் உண்மையான காரணத்தைத் தேடும் வேலை அதோடு நின்றுவிடுகிறது. அட்ரீனல் உண்மையிலேயே சுரக்காமல் போகும் அடிசன் நோய் வேறு. 1855இல் தாமஸ் அடிசன் விவரித்தது. அது உயிரைப் பறிக்கக்கூடியது, அதற்குக் கறாரான பரிசோதனைகள் இருக்கின்றன.

ரிப்போர்ட்டோடு ஒரு தொலைபேசி ஆலோசனையும் உண்டு. அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், உங்க பாதரசம் ரொம்ப ஹை. ஃபில்லிங் எத்தனை இருக்கு?"

"ரெண்டு."

"அதை உடனே எடுத்துடுங்க மேடம். அதான் அட்ரீனலை அடிச்சிருக்கு."

நான் குறுக்கே புகுந்தேன். "ரெண்டு ஃபில்லிங்ல இவ்வளவு எப்படி வரும்? முடியில கம்மியா இருக்கே, அதுக்கு என்ன அர்த்தம்?"

"முடியில தெரியலைன்னா உள்ள பூட்டி இருக்குன்னு அர்த்தம் மேடம்."

பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார், சொல்லிக் கொடுத்ததைச் சொன்னார். ஆனால் அந்தப் பதில் தவறு. அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர்கள், ஓய்வு பெற்றவர்கள் என ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்து 1998இல் வெளியிட்ட கணக்குப்படி, அமால்கம் அடைத்த பத்துப் பல் பரப்புகளுக்குச் சிறுநீரில் லிட்டருக்குச் சுமார் 1 மைக்ரோகிராம்தான் கூடுகிறது. மேலும், நன்றாக இருக்கும் ஃபில்லிங்கைத் தோண்டி எடுக்கும்போதுதான் ஆவி அதிகம் கிளம்பும். கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், சிறுநீரக நோயாளிகளுக்குப் புதிதாக அமால்கம் வைப்பதைத் தவிர்க்கச் சொல்லி 2020இல் அறிவித்த அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.கூட, நல்ல நிலையில் இருப்பதைக் காரணமில்லாமல் அகற்ற வேண்டாம் என்றுதான் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல் அமால்கத்தை நிறுத்தியதை நான் வரவேற்கிறேன். அதற்காக இருப்பதையெல்லாம் பிடுங்க வேண்டும் என்று ஆகாது.

அக்காவை ஹார்மோன் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அவர் ரிப்போர்ட்டின் வண்ணக் கோடுகளைப் புரட்டிவிட்டு மூடி வைத்தார். படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்த்தார், எழுந்து நிற்க வைத்து மறுபடி பார்த்தார். உள்ளங்கை ரேகைகளையும் ஈறையும் டார்ச் அடித்துப் பார்த்தார். அடிசன் நோயில் அவை கறுத்திருக்கும், அக்காவுக்குக் கறுக்கவில்லை. பிறகு கேட்டார்: "முகத்துக்கு என்ன போடுறீங்கம்மா?"

அக்கா தயங்கித் தயங்கிக் கைப்பையிலிருந்து ஒரு சிறு டப்பாவை எடுத்தார். நிறம் தெளிய என்று காலையும் இரவும் முகம், கழுத்து, கை எல்லாவற்றிலும் பல வருடமாகத் தடவி வந்திருக்கிறார். மருத்துவர் என்னிடம் நீட்டினார். என்னென்ன சேர்த்திருக்கிறது என்று எங்குமே எழுதவில்லை. அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி மட்டும்: தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பார்த்துக்கொள்ளவும்.

எனக்கு வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பாடம் அது. அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அக்காதான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

மாத்திரை எதுவும் இல்லாமல் மறுபடி எடுத்த சிறுநீரில் ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு (சிறுநீர் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று கணக்கிட உதவும் கழிவுப்பொருள்) 41 மைக்ரோகிராம் பாதரசம். சாதாரணமாக 5க்குள் இருக்கும், 20ஐத் தாண்டினாலே பணியிடங்களில் கவனிப்பார்கள். ஆக, பாதரசம் நிஜமாகவே அதிகம். காலை எட்டு மணிக்கு ரத்தத்தில் கார்டிசால் டெசிலிட்டருக்கு 2.6 மைக்ரோகிராம், அதாவது நிஜமாகவே குறைவு. ஏ.சி.டி.எச்.சும் குறைவு. அட்ரீனலே பழுதாகியிருந்தால், பிட்யூட்டரி கத்திக் கூப்பிடுவதால் ஏ.சி.டி.எச். ஏறியிருக்கும். இரண்டுமே தாழ்ந்திருந்தால், வெளியிலிருந்து வரும் ஸ்டீராய்டைப் பார்த்து உடம்பு சொந்தச் சுரப்பை நிறுத்திவிட்டதா என்பதுதான் முதல் சந்தேகம். களிம்பை ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். பாதரசமும் இருந்தது, குளோபெட்டசாலும் இருந்தது. குளோபெட்டசால் தோலில் போடும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகை. நாளொன்றுக்கு 2 கிராம் தடவினாலே அட்ரீனலின் சுரப்பை அடக்கிவிடக்கூடும் என்று அதன் மருந்துக் குறிப்பிலேயே எச்சரிக்கை இருக்கிறது.

இப்போது அந்த ரிப்போர்ட்டைத் திரும்பப் பாருங்கள். முடியில் குறைவு, சிறுநீரில் அதிகம்: மீன் வழியாக வந்ததில்லை. ஃபில்லிங் இரண்டே இரண்டு: அதனாலும் இல்லை. கார்டிசால் நான்கு வேளையும் தரையில்: ஸ்டீராய்டா என்று கேட்டே ஆக வேண்டும். விடை அவர்கள் கையிலேயே இருந்தது. ஒரே டப்பாவிலிருந்து வந்த இரண்டு பொருள்களைப் பார்த்துவிட்டு, ஒன்று மற்றொன்றை உண்டாக்கியது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பாதரசத்தையும் கார்டிசாலையும் சேர்த்து அளக்கிற எவரும் முதல் கேள்வியாக முகக் களிம்பைக் கேட்க வேண்டும். பாதரசத்தையும் ஸ்டீராய்டையும் கலந்த நிறம் கூட்டும் களிம்புகள் உலகம் முழுக்கப் பிடிபட்டுக்கொண்டே இருக்கின்றன. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கை அழகுப் பொருள்களில் பாதரசத்துக்கு முதலில் வைத்த வரம்பு பத்து லட்சத்தில் 1 பங்கு. பிடிபடும் களிம்புகளில் அது பல ஆயிரம் பங்காக இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு யாராவது இப்படிப்பட்ட களிம்பைத் தூக்கிப் போடப் போகிறீர்கள் என்றால், தயவுசெய்து அன்றைக்கே மருத்துவரையும் பாருங்கள். பாதரசத்துக்காக உடனே நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் சொந்தக் கார்டிசால் தூங்கிப் போயிருக்கும் உடம்பு, வெளியிலிருந்து வந்ததும் சட்டென்று நின்றுவிட்டால் தாங்காது. காய்ச்சலோ வாந்தியோ வந்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அக்காவுக்குக் களிம்பை நிறுத்திய அன்றே, கார்டிசாலுக்கு ஈடாகக் கொடுக்கும் ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை தொடங்கினார்கள். உடம்பு தானாகச் சுரக்கத் தொடங்குவதைப் பார்த்துப் பார்த்துக் குறைக்கிறார்கள். சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்த்தார்கள், பாதரசக் களிம்பு சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதால். நல்லவேளை, இல்லை. தலையணை உறை, துண்டு எல்லாவற்றையும் கட்டி அப்புறப்படுத்தச் சொன்னார்கள், அவற்றிலிருந்து கிளம்பும் ஆவி வீட்டில் இருப்பவர்கள் மூச்சிலும் போகும். அக்காவின் மகளுக்கும் பரிசோதனை செய்தார்கள். அவள் எண்ணும் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது, களிம்பைத் தொட்டதே இல்லை அவள்.

அவர்கள் விற்கும் அட்ரீனல் ஊட்டக் கேப்ஸ்யூலைப் பற்றி ஒரு வார்த்தை. மாட்டின் அட்ரீனல் தூளும் அதிமதுரமும் சேர்த்தது என்று புட்டியில் இருக்கிறது. "அட்ரீனலுக்கு ஆதரவு" என்ற பெயரில் விற்கும் 12 வகைகளை வாங்கிச் சோதித்த முடிவுகளை மேயோ கிளினிக்கின் மருத்துவ இதழ் 2018இல் வெளியிட்டது. பன்னிரண்டிலும் தைராய்டு ஹார்மோன் இருந்தது, பெரும்பாலானவற்றில் ஏதாவது ஒரு ஸ்டீராய்டும் இருந்தது. அக்கா இருந்த நிலையில் அதை வாங்கிச் சாப்பிட்டிருந்தால், கண்டுபிடிக்க வேண்டிய விஷயத்தின் மேல் இன்னொரு திரை விழுந்திருக்கும். அதிமதுரம் அளவுக்கு மீறினால் ரத்த அழுத்தத்தை ஏற்றிப் பொட்டாசியத்தை இறக்கும். நான் புட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள், அதைச் சொல்லியாக வேண்டும்.

நிறுவனத்துக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினேன். எழுந்த நேரம், ஸ்டீராய்டு, முகக் களிம்பு மூன்றையும் படிவத்தில் சேருங்கள், மாத்திரையை எடுத்துவிடுங்கள், "களைப்பு நிலை" என்று எழுதுவதை நிறுத்துங்கள் என்று. படிவத்தில் ஸ்டீராய்டு கேள்வியைச் சேர்ப்பதாகப் பதில் வந்திருக்கிறது. மாத்திரையைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

பாதரசத்தோடு வேலை பார்த்தவர்கள், சந்தேகம் இருப்பவர்கள் இந்தப் பெட்டி இல்லாமலே செய்யக்கூடியது இதுதான்: எந்த மாத்திரையும் எடுக்காமல் காலை முதல் சிறுநீரில் பாதரசம், கூடவே கிரியாட்டினின். மீன் அதிகம் சாப்பிடுபவர் என்றால் ரத்தத்திலும் பாருங்கள். எழுந்தால் தலைச்சுற்றல், எடை குறைவு, உப்பு மேல் தீராத ஆசை இருந்தால் காலை எட்டு மணிக் கார்டிசாலும் ஏ.சி.டி.எச்.சும். மருத்துவரிடம் போகும்போது தோலில் தடவுகிற எல்லா டப்பாக்களையும், கூச்சப்படாமல், பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

எச்சில் குழாய்களை மட்டும் தனியாக விற்பீர்களா என்றும் கேட்டிருக்கிறேன். விற்றால், இரவு வேலைக்குப் போகும் என் தங்கைக்கு ஒன்று வாங்குவேன். எழுந்த நேரத்தை நானே ஓரத்தில் எழுதி அனுப்பிவிடுவேன்.